தோற்றவர் குடிக்க வேண்டுமா? பிறந்தநாள் விளையாட்டும் கல்லீரலின் கணக்கும்

மாணவர்களே, உங்கள் அண்ணனுக்கோ அக்காவுக்கோ 21 வயது நிறையப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுக்குமாடியின் பொது மண்டபத்தைப் பதிவு செய்தாயிற்று. அணிச்சலுக்குச் சொல்லியாயிற்று. கல்லூரி நண்பர்கள் இருபது பேர் வருகிறார்கள். அம்மாவும் அப்பாவும் பத்து மணிக்குமேல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகு யாரோ ஒருவர் சீட்டுக்கட்டை எடுத்து, “தோற்றவர் ஒரே மூச்சில் ஒரு குவளை குடிக்க வேண்டும்” என்று விதி சொல்கிறார்.

மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது. அதற்கு முன் அந்த வயது 18 ஆக இருந்தது. சிங்கப்பூரில் இன்றும் அது 18. ஆகவே இடைநிலைப்பள்ளியில் படிக்கும் நீங்கள் அந்த ஆட்டத்தில் சேரப்போவதில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் தெளிவான தலையோடு இருக்கப்போகிற ஒரே ஆள் நீங்களாக இருக்கலாம். உங்களுக்குச் சில கணக்குகள் தெரிந்திருந்தால் அன்றிரவு ஓர் உயிர் தப்பக்கூடும். அந்தக் கணக்குகளைப் பார்ப்போம்.

குழாய் பெரிது, வடிகால் சிறிது

பியர், ஒயின், விஸ்கி எல்லாவற்றிலும் இருக்கும் மதுசாரம் ஒன்றுதான். அதன் பெயர் எத்தனால். 330 மில்லிலிட்டர் பியர் டின்னில் 5 விழுக்காடு எத்தனால் என்றால், அதன் கொள்ளளவு 16.5 மில்லிலிட்டர். எத்தனால் தண்ணீரைவிட இலேசானது. ஒரு மில்லிலிட்டரின் எடை 0.79 கிராம்தான். இரண்டையும் பெருக்கினால் ஒரு டின்னில் ஏறத்தாழ 13 கிராம் எத்தனால் இருக்கிறது.

எத்தனாலுக்குச் செரிமானம் தேவையில்லை. அது சிறிய மூலக்கூறு. தண்ணீரிலும் கரையும், கொழுப்புப் படலத்தையும் கடக்கும். இரைப்பையில் கொஞ்சம், சிறுகுடலில் பெரும்பகுதி என்று அப்படியே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. பிறகு உடலில் தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் பரவுகிறது.

உள்ளே போவது எளிது. வெளியேறுவதுதான் கடினம். கல்லீரல் எத்தனாலை ஒரு நொதியின் உதவியால் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. இன்னொரு நொதி அதை அசிட்டேட் ஆக்குகிறது. 70 கிலோகிராம் எடையுள்ள பெரியவரின் உடல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 கிராம் எத்தனாலைத்தான் கையாளும். அதாவது ஒரு டின்னைத் தீர்க்க இரண்டு மணி நேரத்துக்கு அருகில் ஆகும்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. அதிகமாகக் குடித்தால் கல்லீரலும் வேகமாக வேலை செய்யும் என்று நினைத்துவிடாதீர்கள். சிறிதளவு எத்தனாலிலேயே அந்த நொதிகள் முழுவேகத்தை எட்டிவிடுகின்றன. சாலைக் கட்டணச் சாவடியில் ஒரே ஒரு தடம் திறந்திருப்பதைப் போன்றது இது. பின்னால் பத்து கார் நின்றாலும் நூறு கார் நின்றாலும், ஒரு நிமிடத்தில் கடக்கும் கார்களின் எண்ணிக்கை மாறாது. வரிசைதான் நீளும்.

நாமே கணக்குப் போடுவோம்

சுவீடன் நாட்டு அறிவியலாளர் எரிக் விட்மார்க் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதற்கு ஓர் எளிய வாய்ப்பாடு தந்தார். குடித்த எத்தனாலின் எடையை, உடல் எடையோடு ஒரு மாறிலியைப் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். ஆண்களுக்கு அந்த மாறிலி சராசரியாக 0.68. பெண்களுக்கு ஏறத்தாழ 0.55. பெண்களின் உடலில் நீரின் பங்கு சராசரியாகக் குறைவு என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஒரே எடையுள்ள அண்ணனும் அக்காவும் ஒரே அளவு குடித்தால், அக்காவின் இரத்தத்தில்தான் செறிவு கூடுதலாக இருக்கும்.

60 கிலோ எடையுள்ள ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். 60 × 0.68 = 40.8. ஒரு டின்னில் உள்ள 13 கிராமை இதனால் வகுத்தால் லிட்டருக்கு 0.32 கிராம் வரும். வழக்கமான அளவையில் சொன்னால் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 32 மில்லிகிராம்.

விளையாட்டில் அவர் ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை தோற்று, ஐந்து டின் குடித்துவிட்டார் என்றால்? 65 கிராம். அனைத்தும் இரத்தத்தில் கலந்தால் 159 மில்லிகிராம். அந்த ஒரு மணி நேரத்தில் உடல் நீக்கியது ஏறத்தாழ 15 மில்லிகிராம். மிச்சம் 140க்கு மேல்.

மலேசியாவில் 2020 அக்டோபர் முதல், வாகனம் ஓட்டுபவரின் இரத்தத்தில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு 50 மில்லிகிராம். சிங்கப்பூரில் அது 80. ஆட்டம் நள்ளிரவில் முடிந்தது என்றால், 140லிருந்து 50க்கு இறங்கவே 6 மணி நேரம் வேண்டும். முழுதாகத் தீர 9 மணி நேரத்துக்கு மேல். காலை எட்டு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, “இப்போது நன்றாக இருக்கிறேன்” என்று மோட்டார் சைக்கிளை எடுப்பவரின் இரத்தத்திலும் மதுசாரம் ஓடிக்கொண்டிருக்கலாம்.

கடுங்காபி, குளிர்ந்த நீர்க் குளியல், எலுமிச்சைச் சாறு எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. காபி குடித்தவர் தூக்கம் கலைந்த குடிகாரர் ஆவார், அவ்வளவுதான்.

விஸ்கி, வோட்கா போன்றவற்றின் கணக்கு இன்னும் பயங்கரமானது. 40 விழுக்காடு எத்தனால் உள்ள 700 மில்லிலிட்டர் போத்தலில் பாதியை அதே இளைஞர் குடித்தால், அது 110 கிராம். இரத்தத்தில் 270 மில்லிகிராம் வரை ஏறும். 300ஐ நெருங்கும்போது நினைவிழப்பு வரலாம். 400ஐ ஒட்டி மூச்சு நின்று மரணமே நேரலாம். பழக்கமில்லாத உடலுக்கு இதைவிடக் குறைந்த அளவே ஆபத்தாகிவிடும். இவையெல்லாம் சராசரிக் கணக்குகள் என்பதை மறக்க வேண்டாம். “இவ்வளவு குடித்தால் பாதுகாப்பு” என்று யாருக்கும் சொல்லும் கணக்கு அல்ல இது.

விளையாட்டு ஏன் குடியைவிட ஆபத்து?

உயிரியல் பாடத்தில் உடல் வெப்பநிலை எப்படிச் சீராகிறது என்று படித்திருப்பீர்கள். வெப்பம் கூடினால் வியர்க்கிறது. வியர்த்தால் வெப்பம் குறைகிறது. விளைவு தன் காரணத்தையே கட்டுப்படுத்துவதால் இதை எதிர்மறைப் பின்னூட்டம் என்கிறோம்.

தோற்றவர் குடிக்கும் விளையாட்டு இதற்கு நேர்மாறானது. எத்தனால் மூளை நரம்புகளின் இடையே செல்லும் செய்திகளை மந்தமாக்குகிறது. முதலில் பாதிக்கப்படுபவற்றுள் ஒன்று நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி. “போதும்” என்று முடிவெடுக்கும் இடம் அதுதான். அடுத்து, உடல் சமநிலையையும் கையின் துல்லியத்தையும் காக்கும் சிறுமூளை. ஆகவே ஒருமுறை தோற்றுக் குடித்தவர் அடுத்த முறை தோற்பதற்கான வாய்ப்பு கூடுகிறது. தோற்றால் மறுபடி குடிக்க வேண்டும். விளைவு தன் காரணத்தையே வளர்க்கிறது. இதன் பெயர் நேர்மறைப் பின்னூட்டம். பெயரில்தான் நேர்மறை. ஒலிபெருக்கியின் முன்னால் ஒலிவாங்கியைக் கொண்டுபோனால் காதைக் கிழிக்கும் சத்தம் எழுவதும் இதே முறையில்தான்.

இரண்டாவது சிக்கல் காலதாமதம். குடித்த மது இரத்தத்தில் உச்ச அளவை எட்ட அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். சாப்பிட்ட வயிறு என்றால் இன்னும் தாமதமாகலாம். பத்து நிமிடத்தில் நான்கு குவளை குடித்தவர், “எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்வது உண்மைதான். ஆக வேண்டியது இன்னும் வரவில்லை. அவர் ஐந்தாவது குவளையை எடுக்கும்போது முதல் நான்கும் வழியில் இருக்கின்றன.

மூன்றாவது, சுற்றி நிற்பவர்களின் கைத்தட்டல். தனியாகக் குடிப்பவருக்கு வயிறு புரட்டினால் நிறுத்திவிடுவார். விளையாட்டில் நிறுத்தும் உரிமை அவரிடம் இல்லை. விதியிடம் இருக்கிறது.

முகம் சிவப்பது எதனால்?

உங்கள் சீன நண்பர்களின் வீட்டு விருந்துகளில், கொஞ்சம் குடித்ததும் சிலரின் முகமும் கழுத்தும் சிவப்பதைப் பார்த்திருக்கலாம். கிழக்காசியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம், அசிட்டால்டிஹைடை உடைக்கும் நொதி பிறவியிலேயே வலுக்குறைந்திருக்கிறது. அவர்கள் உடலில் அசிட்டால்டிஹைடு தேங்கி, இரத்தக் குழாய்களை விரிக்கிறது. முகம் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. அசிட்டால்டிஹைடு மரபணுவைச் சிதைக்கக்கூடிய நச்சு. இப்படி முகம் சிவப்பவர்கள் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்.

எனவே முகம் சிவந்த நண்பரைப் பார்த்து, “இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, இன்னொன்று ஊற்று” என்று சொல்வது அறியாமை. அது உடல் கொடுக்கும் எச்சரிக்கை விளக்கு.

முகம் சிவக்காதவர்களும் தப்பித்தார்கள் என்று பொருளில்லை. 1988இலேயே அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மதுபானத்தை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. உங்கள் வயதில் இன்னொரு காரணமும் உண்டு. மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. முடிவெடுக்கும் முன்பகுதிதான் கடைசியாக முதிர்கிறது. கட்டுமானம் முடியாத வீட்டுக்குள் வெள்ளம் விடுவது நல்லதல்ல.

பெயர் தெரியாத போத்தல்

மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது முத்திரையில்லாத போத்தலைக் கொண்டுவந்தால், அதைத் தொடவே கூடாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர் மாநிலத்தில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பல பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். 2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங் நகரில் ஆறு சுற்றுப்பயணிகள் இதே காரணத்தால் உயிரிழந்தார்கள். நம் தாத்தா, பாட்டி காலத்துத் தோட்டப்புறங்களில் மலிவான சம்சு எத்தனை குடும்பங்களைச் சீரழித்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மெத்தனால் எத்தனாலின் நெருங்கிய உறவு. ஒரு கார்பன் அணு குறைவு. நிறத்திலும் மணத்திலும் பிரித்தறிய முடியாது. கல்லீரல் நொதியும் ஏமாந்துபோகிறது. எத்தனாலைப்போலவே இதையும் மாற்றுகிறது. ஆனால் கடைசியில் கிடைப்பது ஃபார்மிக் அமிலம். அது செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. கண்ணின் பார்வை நரம்பு முதலில் பலியாகும் இடங்களுள் ஒன்று. குடித்துப் பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான் பார்வை மங்குதல், வயிற்றுவலி, மூச்சிரைப்பு ஆகியவை தெரியவரும். “நேற்றுக் குடித்தது, இன்று கண் மங்கலாக இருக்கிறது” என்று யாராவது சொன்னால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உரிய நேரத்தில் போனால் மாற்று மருந்து உண்டு.

விருந்தை எப்படி நடத்தலாம்?

உங்கள் அண்ணனோ அக்காவோ சட்டப்படி வயது வந்தவர். குடிப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. குடிக்காத விருந்துதான் ஆபத்தில்லாத விருந்து. ஆனாலும் மது இருக்கும் என்று முடிவாகிவிட்டால், ஆபத்தைக் குறைக்கும் வழிகளை நீங்கள் அவரிடம் எடுத்துச் சொல்லலாம்.

1. விளையாட்டையும் மதுவையும் பிரித்துவிடுங்கள். தோற்றவர் பாட்டுப் பாடட்டும், நாப்பழக்கச் சொற்றொடர் சொல்லட்டும், தட்டுக் கழுவட்டும். பின்னூட்டச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

2. சாப்பாடு முதலில் வரட்டும். வயிற்றில் உணவு இருந்தால் எத்தனால் சிறுகுடலுக்கு மெதுவாகப் போகும். உச்ச அளவு குறையும். ஆனால் மொத்த அளவு குறையாது.

3. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கலந்து வைக்காதீர்கள். ஒரு குவளையில் எத்தனை கிராம் என்று எவருக்கும் தெரியாமல் போய்விடும். பாதி காலியான குவளையை நிரப்புவதாலும் கணக்குத் தவறும்.

4. யாருடைய குவளையிலும் அவருக்குத் தெரியாமல் மது ஊற்றக் கூடாது. அது விளையாட்டல்ல, குற்றம். முஸ்லிம் நண்பர்கள், மருந்து சாப்பிடுபவர்கள், குடிக்க விரும்பாதவர்கள் எல்லாரும் நம்பிக் குடிக்கும்படி சிராப் பண்டோங், மைலோ, மோர் ஆகியவற்றைத் தனி மேசையில் வையுங்கள். சளிக்கும் ஒவ்வாமைக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள் மதுவோடு சேர்ந்தால் மயக்கம் பல மடங்காகும்.

5. குடிக்காத பெரியவர் ஒருவர் கடைசிவரை இருக்க வேண்டும். வாகனச் சாவிகள் வாசலிலேயே அவரிடம் போய்ச் சேரட்டும். அடுக்குமாடியின் நீச்சல் குளத்துப் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூங்குகிறாரா, மயங்கிவிட்டாரா?

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். அளவுக்கு மீறிக் குடித்தவர் ஓரமாகப் படுத்துவிட்டால், “தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்” என்று விட்டுவிடாதீர்கள். அவர் படுத்த பிறகும் வயிற்றில் இருக்கும் மது இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் முகுளம்தான் மூச்சையும், தொண்டையில் எதுவும் அடைத்தால் வெளித்தள்ளும் செயலையும் கட்டுப்படுத்துகிறது. மது அதையும் மந்தமாக்கினால், மல்லாந்து படுத்தவர் வாந்தி எடுத்து, அதுவே மூச்சுக்குழாயை அடைத்து இறந்துபோகலாம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைத் தட்டிப் பாருங்கள். எழுப்ப முடியவில்லையா? மூச்சு நிமிடத்துக்கு எட்டு முறைக்கும் குறைவா, அல்லது இரண்டு மூச்சுக்கிடையே பத்து விநாடிக்கு மேல் இடைவெளியா? உதடும் நகமும் வெளிறியோ நீலமாகவோ இருக்கின்றனவா? உடல் சில்லிட்டிருக்கிறதா? வலிப்பு வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், எல்லா அறிகுறிகளும் வரும்வரை காத்திருக்கக் கூடாது. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழையுங்கள்.

மருத்துவ வண்டி வரும்வரை அவரைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். உங்கள் பக்கமுள்ள அவர் கையை வெளிப்பக்கமாக நீட்டி வையுங்கள். மறு கையை மடக்கி, புறங்கையை அவர் கன்னத்தின் கீழ் வையுங்கள். எட்ட இருக்கும் முழங்காலை மடக்கி, உங்கள் பக்கமாகப் புரட்டுங்கள். தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, வாய் தரையை நோக்கி இருக்கும்படி செய்யுங்கள். வாந்தி வந்தாலும் வெளியே வழிந்துவிடும். வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காபி, தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். குளியலறைக்கு இழுத்துச் செல்லாதீர்கள். போர்வை போர்த்தி, பக்கத்திலேயே இருந்து மூச்சை எண்ணுங்கள். மூச்சே இல்லை என்றால் தொலைபேசியில் பேசுபவரிடம் உடனே சொல்லுங்கள். நெஞ்சை எப்படி அழுத்துவது என்று அவர் வழிகாட்டுவார்.

இந்த இடத்தில் பலரைத் தயங்கவைப்பது அறிவின்மை அல்ல, பயம். “அப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார்”, “அண்ணன் மாட்டிக்கொள்வான்”, “நமக்கு ஏன் வம்பு” என்ற எண்ணங்கள் வரும். அப்பாவின் கோபம் ஒரு வாரத்தில் தணியும். ஆக்சிஜன் கிடைக்காத மூளைக்குச் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன. பெரியவர்கள் யாராவது, “ஒன்றுமில்லை, விடு” என்று சொன்னாலும், எழுப்ப முடியவில்லை என்றால் நீங்களே எண்ணை அழுத்துங்கள். என்ன குடித்தார், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மருத்துவ ஊழியர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்: அடிக்கோல் ஆட்டம்

அன்றிரவு விளையாட ஒரு நல்ல ஆட்டம் வேண்டுமா? 30 சென்டிமீட்டர் அடிக்கோல் ஒன்று போதும். ஒருவர் அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். மற்றவர் அதன் பூச்சியப் புள்ளியருகே கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து வைத்திருக்கட்டும். சொல்லாமல் அடிக்கோலை விட வேண்டும். எத்தனையாவது சென்டிமீட்டரில் பிடித்தார் என்று பாருங்கள். அந்தத் தூரத்தை மீட்டராக்கி, 2ஆல் பெருக்கி, 9.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அவர் எதிர்வினை நேரம் விநாடியில் கிடைக்கும்.

10 சென்டிமீட்டர் என்றால் 0.14 விநாடி. 20 என்றால் 0.20 விநாடி. 30 என்றால் 0.25 விநாடி.

அடுத்த சுற்றில், பிடிப்பவர் 100லிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லிக்கொண்டே பிடிக்கட்டும். சொட்டு மது இல்லாமலே, கவனம் சிதறினால் எண் எவ்வளவு மாறுகிறது என்று எழுதி வையுங்கள். பிறகு ஒரு கணக்கு: மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் 16.7 மீட்டர் கடக்கிறது. 20 சென்டிமீட்டரில் பிடித்தவருக்கும் 30 சென்டிமீட்டரில் பிடித்தவருக்கும் இடையே உள்ள 0.05 விநாடியில் அது எவ்வளவு தூரம் போயிருக்கும்? விடையைத் தரையில் அளந்து காட்டுங்கள். சாவியைக் கேட்டு வருபவரிடம் நீங்கள் வேறு எதுவும் சொல்லத் தேவையிருக்காது.